உங்கள் கையேடு ரிஜெக்ட்

பெறுநர்: கையேடு தயாரிப்புப் பிரிவு மேலாளர் அவர்கள், தையல் மெஷின் கம்பெனி. (கம்பெனி பெயரை எழுதவில்லை. எழுதினால் டீலர் கோபித்துக்கொள்வார், அடுத்த செட் மெஷினுக்குத் தவணை கிடைக்காது.)

அனுப்புநர்: பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட்) நடத்துகிறவன், 15 வேலம்பாளையம், திருப்பூர்.

பொருள்: மெஷினோடு வந்த புத்தகம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. தெர்மகோல்கூட உடையவில்லை. டூல் கவரில் ஸ்க்ரூ டிரைவர், பாபின், ஆயில் புட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் புத்தகம். முன்பாதி சீன மொழி. பின்பாதி ஆங்கிலமாக இருக்கும் என்று நினைத்து, எங்களுக்கு வேலை கொடுக்கிற கம்பெனியின் மெர்ச்சண்டைசர் தம்பியிடம் காட்டினேன். எம்.பி.ஏ. படித்த பையன், தினமும் வெளிநாட்டுக்கு மெயில் போடுகிறவன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இங்கிலீஷ் மாதிரிதானுங்க இருக்குது, ஆனா அடிச்சுச் சொல்ல முடியலைங்க" என்றான்.

இருந்தாலும் அவன் படித்துச் சொன்னவரை, முதல் பக்கங்களில் எங்கள் மீது நீங்கள் காட்டியிருக்கும் பாசத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்கிறீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதே என்கிறீர்கள். தொளதொள ஆடை வேண்டாம் என்கிறீர்கள். எங்கள் பெண்கள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு ஊக்கு குத்திக்கொண்டுதான் உட்காருகிறார்கள், கவலை வேண்டாம். நிமிடத்துக்கு 5,000 தையல் போடுகிற மெஷினை முதல் ஒரு மாதம் 4,000க்கு மேல் ஓட்டாதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். மெஷினுக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டைலரிடம் இதைப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் ஆள் யாரையாவது அனுப்புங்கள். சனிக்கிழமை சாயந்திரம், சம்பளம் போடுகிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஷிப்மென்ட் நெருக்கடி. சிங்கரில் உட்கார்ந்திருந்த ஒடிசாப் பெண் (லாக்ஸ்டிச் மெஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எங்கள் ஊரில் அது சிங்கர்தான், தப்பாக நினைக்காதீர்கள்) பஞ்சு அடைத்திருக்கிறது என்று மெஷின் தலையைச் சாய்த்து, காற்றடித்து, திரும்ப நிமிர்த்தி வைத்தாள். டிஸ்பிளேயில் 'ஈ' என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண். மெஷின் நின்றுவிட்டது. நின்றதோடு பேசவும் செய்தது. பெண் குரல், இனிமையான குரல். என்ன மொழி என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. புத்தகத்தை எடுத்தோம். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்ட அட்டவணை. அந்த எண்ணுக்கு நேரே 'ஹெட் சென்சார் கோளாறு' என்று இருப்பதாக மெர்ச்சண்டைசர் தம்பி போனில் படித்துச் சொன்னான். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் தீர்வு: 'டீலரைத் தொடர்புகொள்ளவும்.' அட்டவணை முழுக்க அதே தீர்வுதான். ஒரே வரிக்கு எதற்கய்யா இத்தனை கட்டம்?

டீலர் போனை எடுக்கவில்லை. அடுத்த சந்திலிருந்து மெக்கானிக் வந்தார். "தலையைத் தூக்குனியாம்மா?" என்று மட்டும் கேட்டார். டேபிளுக்கு அடியில் குனிந்து, கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால் இருந்த ஒயரைப் பிடுங்கி, சாக்கெட்டில் வாயால் ஊதினார். சென்சார் காந்தத்தைச் சுற்றியிருந்த பஞ்சை வேஸ்ட் துணியில் துடைத்தார். டக்கென்று சத்தம் வரும்வரை ஒயரை அழுத்தி மாட்டி, சுவிட்சை அணைத்துப் போட்டார். ஓடியது. டீ வருவதற்குள் வாட்ஸ்அப்பில் மெக்கானிக்குகள் குரூப்புக்குக் குரல் பதிவும் போட்டுவிட்டார்: "தலையைத் தூக்கி வெச்சப்புறம் ஈ வந்துச்சுன்னா பெட்டிக்குப் பின்னாடி மூணாவது சாக்கெட்டைப் பாருங்க. மெயின் ஆஃப் பண்ணிட்டுக் கை வைங்க. பெட்டியைத் தொறந்துறாதீங்க."

ஐயா, கையேடு எழுதுவது எப்படி என்று சொல்லவே ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறதாமே. ஐ.இ.சி., ஐ.ட்ரிபிள்.இ. இரண்டும் சேர்ந்து போட்ட 82079. மெஷின்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 20607, 2019இல் வந்தது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நீங்களும் வாங்கியிருப்பீர்கள். எந்த நிலையில், எங்கே, என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது, யார் படிக்கப் போகிறார்கள் என்று பார்த்து எழுது என்பதுதான் அவற்றின் சாரம். எங்கள் மெக்கானிக் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. அவருடைய குரல் பதிவில் எல்லாம் இருக்கிறது, உங்கள் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

அந்த மெஷினில் அன்றைக்கு என்ன தைத்துக்கொண்டிருந்தோம் தெரியுமா? வாஷ்கேர் லேபிள். டி-சர்ட்டின் இடது சைடில் லேபிளை வைத்து டாக் போட்டு, ஓவர்லாக்குக்குத் தள்ளுகிற வேலை. கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று ஒரு பட்டை. பிரித்தால் புத்தகம் மாதிரி விரியும். பருத்தி என்கிற ஒரே செய்தி அதில் ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷ், ஃபின்னிஷ் என்று வரிசை கட்டி நிற்கிறது. ஐரோப்பாவில் 1007/2011 என்று ஒரு விதி இருக்கிறது. எந்த நாட்டில் விற்கிறாயோ அந்த நாட்டு மொழியில் இழை விவரம் இருக்க வேண்டும். ஒரு மொழி விடுபட்டால் பையர் சரக்கை எடுக்க மாட்டார். மொழியே தெரியாதவருக்கு வாளி, முக்கோணம், அயர்ன் பெட்டி படங்கள் வேறு. அந்தச் சின்னங்களைப் பார்த்துக்கொள்ள 1963இல் பாரிஸில் ஒரு சங்கமே தொடங்கியிருக்கிறார்கள். இத்தனையும் செய்து அனுப்பினால், சட்டையை வாங்கினவர் உறுத்துகிறது என்று லேபிளைக் கத்தரித்துக் குப்பையில் போடுகிறார். போடட்டும். தவறான சூட்டில் துவைத்தால் சட்டை சுருங்கும், அவ்வளவுதான் அதில் இருக்கிற ஆபத்து. எங்கள் பக்கத்து ஆபத்து என்னவென்றால் ஊசி நகத்தில் இறங்கும். சட்டைக்கு இத்தனை மொழி; அதைத் தைக்கிற கைக்கு ஒன்றுகூட இல்லை.

மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதே மெஷினை ஜெர்மனியில் விற்றால் ஜெர்மனில், போலந்தில் விற்றால் போலிஷில் கையேடு கொடுத்தாக வேண்டும் என்கிறது ஐரோப்பாவின் 2006/42 உத்தரவு. 2027 ஜனவரி 20 முதல் அங்கே புது விதி வருகிறது. கையேட்டை டிஜிட்டலாகவே கொடுக்கலாம், ஆனால் வாங்கும்போது கேட்டால் காகிதத்திலும் இலவசமாகத் தர வேண்டும். அங்கே தையல் வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் கிளம்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்குச் சீனமும் அரை ஆங்கிலமும்!

எங்கள் பக்கம் சட்டம் பலமாக இல்லை என்பது உண்மைதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தொழிற்சாலையில் வைக்கிற நோட்டீஸ் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. புத்தகம் நோட்டீஸ் ஆகாது. பக்கம் பக்கமாகக் கிழித்துச் சுவரில் ஒட்டினால் ஆகுமா என்று எங்கள் ஆடிட்டரைக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். அதிலும் என் பவர்டேபிளில் பெரும்பான்மை மொழி நிலையாக நிற்பதில்லை. தீபாவளிக்குத் தமிழ் ஆட்கள் ஊருக்குப் போனால் ஒடியா. சத் பூஜைக்கு பீகார்காரர்கள் ரயில் ஏறினால் மறுபடி தமிழ். உங்கள் சிரமம் எனக்கும் புரியாமல் இல்லை. அதனால்தான் பார்ட்ஸ் புக்கைப் பாராட்டுகிறேன். ஹூக், ஃபீட் டாக் எல்லாவற்றையும் பிரித்துப் படம் போட்டு நம்பர் கொடுத்திருக்கிறீர்களே, அது எந்த மாநிலத்தானுக்கும் புரிகிறது. மெக்கானிக் அதை மட்டும் கிழியாமல் பத்திரமாக வைத்திருக்கிறார். பார்ட்ஸ் விற்க வேண்டும் என்றால் மட்டும் உங்களுக்கு எப்படி இவ்வளவு தெளிவாக எழுத வருகிறது?

ஆகவே, உங்கள் புத்தகத்தை ஒரு பி.பி. சாம்பிளாக (பல்க் அடிக்கும் முன் பையர் ஒப்புதலுக்குப் போகிற மாதிரி) எடுத்துக்கொண்டு, பையர்கள் எங்கள் பீஸைப் பார்ப்பதுபோலவே பார்த்தோம். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டிக் காட்டச் சொல்கிறவர்கள் அவர்கள். அவர்களிடம் கற்ற வேலை. குறைகளுக்கான வரம்பு ஏ.க்யூ.எல். 2.5. எச்சரிக்கைப் பக்கம் மெஷினில் உட்காருகிறவருக்குப் புரியவில்லை: கிரிட்டிக்கல். எல்லாக் கோளாறுக்கும் டீலர்: மேஜர். எழுத்து எறும்பு சைஸ்: மைனர். முடிவு: ஃபெயில். இதை எங்கள் ஊர்க் காதர்பேட்டைக் கடைகளில் செகண்ட்ஸாகக்கூடத் தள்ள முடியாது.

திருத்தின சாம்பிளைத் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் படத்தோடு அனுப்புங்கள். மெஷினின் இனிமையான குரலுக்கும் இந்த மூன்றில் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். அப்ரூவல் ஆனபிறகு பல்க் அடியுங்கள். அடுத்த செட் மெஷின் கன்டெய்னரில் ஏறும்போது புத்தகமும் கூடவே ஏற வேண்டும். தாமதமானால் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது, ஏரில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். செலவு உங்களுடையது, டெபிட் நோட் ரெடியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பவர்டேபிள்காரன்