பேரன் காண் படலம்: ஓர் ஆய்வுரை

பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோர், பேரன் முகம் பார்க்க வேண்டிச் சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் நிற்பதே இவ்வாய்வின் பொருள். நிகழ்வு சிறிது, அதற்கான ஏற்பாடு ஒரு கல்யாணத்துக்குச் சற்றே குறைவு.

முதற்கண் சட்டம். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், 214(பி) பிரிவின்படி, சுற்றிப் பார்க்க விசா கேட்டு வருபவரை அங்கேயே தங்கிவிடப் பார்ப்பவர் என்றே அதிகாரி முதலில் கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று நிறுவுவது விண்ணப்பதாரர் பாடு. ஆகவே, பெற்ற மகளைவிட மேற்கு மாம்பலத்து இரண்டு படுக்கையறை வீட்டின் மேல்தான் தமக்குப் பற்று அதிகம் என்று ஒரு தாய் முன்பின் தெரியாதவரிடம் மெய்ப்பித்தாக வேண்டும். நம் இலக்கணிகள் இதற்குத் துறை வகுக்கவில்லை. பொருந்தாக் காதல் என்பதால் பெருந்திணையில் சேர்க்கலாம் என்பது என் துணிபு.

அடுத்தது டி.எஸ்.160 என்னும் இணையப் படிவம். விண்ணப்பிப்பவர் தந்தை, நிரப்புபவர் மகன், வாட்ஸ்அப் அழைப்பில். ஆய்வாளர் செவியில் விழுந்த உரையாடல் இது:

“அப்பா, நீங்க எப்பவாச்சும் பயங்கரவாதச் செயல்ல ஈடுபட்டிருக்கீங்களா?”

“என்னடா இது? முப்பது வருஷம் கூட்டுறவு பேங்க்ல...”

“இல்லைன்னு போடறேன். ஏதாவது குலம், இனக்குழுவைச் சேர்ந்தவரா?”

“அது சொல்லணும்னா தாத்தா காலத்துலேர்ந்து சொல்லணும். குலதெய்வம் அய்யனார். பங்காளிங்க மொத்தம்...”

“அதுவும் இல்லைன்னு போடறேன்ப்பா.”

ஒரு குலமே ஒரு சொடுக்கில் மறைந்ததைக் கவனிக்க.

பெயர்க் கட்டமும் இவ்வாறே. ஒற்றை எழுத்து இனிஷியலோடு ஆயுள் முழுக்கக் கௌரவமாக வாழ்ந்தவருக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறதென்றால், அது குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று ஏறும். பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. மூன்று தலைமுறை மாணவர்களை பெஞ்சு மேல் ஏற்றிய தலைமையாசிரியர் இப்படித்தான் பெயர் தெரியாதவர் ஆகிறார்.

கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திரும்பாது. புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம். 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடி கூடாது. கண்ணாடியைக் கழற்றிய அப்பாவை அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை என்பது உபரித் தகவல்.

இனி ஃபைல். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, பிக்சட் டெபாசிட் ரசீது, பென்ஷன் புத்தகம், மகனின் அழைப்புக் கடிதம், அவன் சம்பளச் சீட்டு, கல்யாண ஆல்பத்திலிருந்து உருவிய படம் ஒன்று. படத்தின் பின்பக்கம் ஆல்பத்துக் கறுப்புத் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் மூன்று நகல். மேலே இரண்டு ரப்பர் பேண்ட். இத்தனையையும் அதிகாரி பெரும்பாலும் கேட்பதே இல்லை. கணினியைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், முடிவுக்கு வந்துவிடுவார். அப்படியானால் ஃபைல் எதற்கு? ராத்திரிப் பயணம் போகிறவர் மடியில் எலுமிச்சம்பழம் எதற்கோ, அதற்குத்தான். ஹைதராபாத் அருகே சில்கூர் பாலாஜியை விசா வேண்டிப் பதினொரு முறை வலம் வருகிறவர்கள், கிடைத்த பின் நூற்றெட்டு முறை வருகிறார்கள். ஃபைலைச் சுமப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. நகல் எடுக்க வேண்டாம்.

ஒத்திகையைப் பற்றியும் கூற வேண்டும். நேர்காணலைத் தமிழிலேயே நடத்தலாம் என்றாலும் மகள் ஆங்கிலத்திலும் பயிற்சி தருவாள். “அம்மா, சமைக்கப் போறேன், குழந்தையைக் குளிப்பாட்டப் போறேன்னு வாயைத் திறந்துடாதே. நயாகரா பார்க்கணும்னு சொல்லு.” வேலை செய்யப் போவதாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். பெட்டியில் பிரசவ லேகியமும் ஓம வாட்டரும் ஏற்கெனவே அடுக்கியாயிற்று. நயாகராவுக்கென்று எதுவும் எடுத்து வைத்ததாகத் தெரியவில்லை. மருமகன் என்ன வேலை என்று கேட்டால், “கம்ப்யூட்டர்ல” என்பதற்கு மேல் எந்தத் தாயும் இதுவரை போனதில்லை.

பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டால் வெற்றி. பொதுவாகப் பத்தாண்டு விசா. ஆனால் ஒரு முறை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்து அதிகாரி முடிவு செய்வார். பெரும்பாலும் ஆறு மாதம்.

இவர்கள் தங்கிவிடுவார்கள் என்னும் 214(பி)யின் கருதுகோளைக் களத்தில் சோதிக்க ஆய்வாளர் தேர்ந்த இடம் நியூ ஜெர்சியின் எடிசன். மூன்றாவது வாரம். காபிக்கு அங்கத்திய பால் சரிப்படவில்லை. மகன் கார் எடுத்தாலொழிய வாசல் தாண்ட முடியாது. அங்கே இரவு எட்டு மணி. மாம்பலத்தில் காலை ஐந்தரை. அப்பா அடுக்ககத்து வாட்ச்மேனுக்குப் போன் போடுகிறார்: “மோட்டார் போட்டியா? சம்ப்ல தண்ணி எவ்வளவு இருக்கு? மூணாவது மாடிக்காரர் மெயின்டனன்ஸ் கட்டிட்டாரா?” பின்னாலிருந்து அம்மா: “கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க!”

வந்தவர் திரும்பியே தீருவார் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எந்தப் பட்டாவிலும் இல்லை. அடுத்த விண்ணப்பத்தில் இணைக்கலாம் என்று ஒலிப்பதிவு செய்துகொண்டு டி.எஸ்.160ஐ மறுபடி முழுதும் புரட்டிப் பார்த்தேன். குலத்துக்குக் கட்டம் இருக்கிறது, மோட்டாருக்கு இல்லை.