குப்பைத் திருடர்கள் ஜாக்கிரதை!

குப்பை அள்ளுகிற வேலையை நகராட்சியிடமிருந்து பிடுங்கித் தனியாரிடம் கொடுத்த முதல் ஆள் யார் என்று கேட்டுப்பாருங்கள். கொஞ்சம் பேப்பர் படிக்கிறவர்கள் டக்கென்று பழைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் என்பார்கள். முத்துமாலையும் கைப்பையுமாக அந்த அம்மாள் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை என்று பக்தர்கள் பூரிப்பார்கள். அந்த அம்மாள் செய்த பாவம் என்று எதிரிகள் பொருமுவார்கள். தாட்சர் விஷயத்தில் இரண்டு கோஷ்டியும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான். அதுவும் தப்பு.

தாட்சரின் தாத்தா பிறப்பதற்கு முன்பே லண்டன் குப்பை தனியார் கையில்தான் இருந்தது. சும்மா இல்லை. இன்றைக்கு நகராட்சி கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்துக் குப்பையை அள்ளச் சொல்கிறது, இல்லையா? அன்றைக்குக் கான்ட்ராக்டர் பணம் கொடுத்தார். நகராட்சி வாங்கிக்கொண்டது. அச்சுப்பிழை இல்லை சார், இன்னொரு தரம் வேண்டுமானால் படித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுப்பார்களே, அந்த மாதிரி லண்டனில் தெருக் குப்பையை ஏலம் எடுத்தார்கள்.

அப்படி என்ன பொக்கிஷம் அதில்? சாம்பல். குளிருக்கும் சமையலுக்கும் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்த காலம். லண்டன் வருஷத்துக்கு 35 லட்சம் டன் கரி எரிப்பதாகவும், அதிலிருந்து 9 லட்சம் டன் குப்பை வருவதாகவும் ஹென்றி மேஹ்யூ என்கிற பத்திரிகைக்காரர் 1851 வாக்கில் கணக்குப் போட்டார். ஊர் வேறு கண்டபடி வீங்கிக்கொண்டிருந்தது. வீடு கட்டச் செங்கல் வேண்டும். நைசான சாம்பலைக் களிமண்ணில் கலந்தால் செங்கல், பாதி வெந்த கரித்துண்டைச் சூளையில் போட்டால் எரிபொருள். ஆக, லண்டன்காரர் ஒருவர் புது வீடு வாங்கினால், தான் காசு கொடுத்து எரித்த கரியையே செங்கல்லாகத் திரும்பவும் காசு கொடுத்து வாங்கினார். அதை அவர் முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டார்.

சாம்பல் போக மிச்சத்தையும் விடவில்லை. சிப்பி ஓடும் உடைந்த செங்கல்லும் ரோடு போட. எலும்பும் கந்தலும் பழைய இரும்புக்காரருக்கு. பிய்ந்துபோன பூட்ஸ் எங்கே போனது தெரியுமா? பிரஷ்யன் ப்ளூ என்கிற உயர்ந்த நீலச் சாயம் தயாரிக்கிறவர்களிடம். தோலைக் கருக்கியும் அந்தச் சாயத்துக்குச் சரக்கு எடுத்தார்கள். கேலரியில் ஓவியத்துக்கு முன்னால் கைகட்டி நின்று “என்ன ஒரு ஆழமான நீலம்!” என்று உருகிய கனவான்கள் கவனிக்கவும். ஆழம் உங்கள் பழைய செருப்பிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

செத்த பூனைக்குக்கூட மார்க்கெட் இருந்தது. தோலுக்காக. வெள்ளைப் பூனைக்கு ஒரு ரேட், கலர் பூனைக்கு ஒரு ரேட், கறுப்பு என்றால் தரம் பார்த்துத்தான் விலை. உயிரோடு குறுக்கே போனால் சகுனம் சரியில்லை. செத்துக் கிடந்தால் பேரம் பேசலாம்.

இதையெல்லாம் சலித்துப் பிரித்தது யார்? பெரும்பாலும் பெண்கள். தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, சாம்பல் மேட்டில் இடுப்பளவு புதைந்து, பெரிய பெரிய சல்லடையோடு நாள் முழுக்க. இன்றைக்கு ‘சர்க்குலர் எகானமி’ என்று ஏசி ஹாலில் ஸ்லைடு போடுகிறவர்கள் சொல்கிற அத்தனையையும் இந்த அம்மாக்கள் அன்றைக்கே செய்து முடித்தார்கள். அவர்களிடம் ஸ்லைடு இல்லை. இருமல் இருந்தது.

பணம் புழங்குகிற இடத்துக்குத் திருடன் வராமல் இருப்பானா? வந்தான். ‘பறக்கும் டஸ்ட்மேன்’ என்று அவனுக்குப் பட்டப்பெயர். டஸ்ட்மேன் என்றால் குப்பை அள்ளுகிறவர். அசல் ஆளுக்கு இருக்கிற, விசிறி மாதிரி பின்பக்கம் தொங்குகிற அதே தொப்பி, அதே மணி, “டஸ்ட் ஓ!” என்கிற அதே கூவல். கான்ட்ராக்டரின் வண்டி வருவதற்கு முன்னால் வந்து சாம்பலை வழித்துக்கொண்டு போய்விடுவான். வீட்டுக்கார அம்மாளுக்கு எவன் அசல், எவன் போலி என்று எப்படித் தெரியும்? சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தால் போலி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

குத்தகைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள். “கனம் நீதிபதி அவர்களே, இந்த ஆள் எங்கள் குப்பையைத் திருடிவிட்டான்” என்று வக்கீல் முகத்தில் சிரிப்பே இல்லாமல் வாதாடும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம் தெருவிலும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து குப்பையைத் திருடிக்கொண்டு போக ஒருவரும் முன்வரமாட்டேன் என்கிறார்களே என்று ஏக்கமாக இருக்கிறது.

இந்தப் பணமழையில் நனைந்தவர்கள் வெஸ்ட்ரி மெம்பர்கள். வெஸ்ட்ரி என்றால் அந்தக் கால வார்டு கமிட்டி. மளிகைக்கடை முதலாளி, சாராயக்கடை முதலாளி, நாலு வீட்டை வாடகைக்கு விட்டவர் என்று உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் சபை. குப்பையும் போகிறது, கஜானாவுக்குக் காசும் வருகிறது. சாம்பலுக்கு விலை ஏறியதால் வந்த காசு அது. அவர்களோ தங்கள் நிர்வாகத் திறமையில் வந்தது என்று நம்பினார்கள். கோழி கூவுவதால்தான் விடிகிறது என்று அந்தக் கோழியிடம் போய் யார் மறுப்புச் சொல்வது?

லண்டனில் ஹாக்ஸ்டன் பக்கம் ஹென்றி டாட் என்று ஒரு குப்பை ராஜா இருந்தார். ஏர் ஓட்டுகிற பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர் என்பார்கள். லண்டன் குப்பையைப் படகில் ஏற்றிச் செங்கல் சூளைகளுக்கு அனுப்புவார், திரும்பும்போது அதே படகில் செங்கல் வரும். காலியாக ஒரு டிரிப்கூடக் கிடையாது. நம் லாரி ஓனர்கள் படம் மாட்டிக் கும்பிட வேண்டிய ஆத்மா.

பணம் சேர்ந்துவிட்டது. அடுத்து கௌரவம் வேண்டும். பிரபுக்கள் பாய்மரப் பந்தயம் நடத்துகிறார்கள், நாம் என்ன குறைச்சல்? 1863இல் டாட் தேம்ஸ் நதியில் ஒரு பந்தயம் தொடங்கினார். ஓடியது பிரபுக்களின் வெள்ளை வெளேர் யாட்டுகள் அல்ல. சாமானும் செங்கல்லும் சுமக்கிற சரக்குப் படகுகள். குதிரைப் பந்தய மைதானத்தில் மாட்டுவண்டியை இறக்குவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! தேம்ஸ் படகுக்காரர்கள் இன்றைக்கும் பந்தயத்தின் மூலபுருஷர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். உலகத்தின் மிகப் பழைய பாய்மரப் பந்தயங்களில் அது ஒன்று. பிரபுக்கள் பலருடைய பெயர் அவர்கள் கல்லறையிலேயே அழிந்துவிட்டது.

அடுத்த வருஷமே சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’. கதையில் எல்லாரும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு துரத்துகிற சொத்து, குப்பை மேடுகள். அதை அனுபவிக்க வருகிறவருக்கு ‘தங்கக் குப்பைக்காரர்’ என்று பட்டம். அது நம்ம டாட்தான் என்று ஒரு பேச்சு உண்டு. டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் 1850இலேயே ஒரு குப்பைமேட்டுக் கதை வந்திருந்தது. அதில் குத்தகைக்காரர் வருங்கால மாப்பிள்ளையிடம், ரொக்கம் வேண்டுமா, குப்பைமேடு வேண்டுமா என்று கேட்கிறார். மாப்பிள்ளை ரொக்கம் என்கிறார். பிற்பாடு அந்த மேடு அதைவிட அதிக விலைக்குப் போகிறது. சீர்வரிசையில் ஏமாந்த மாப்பிள்ளைகள் உலக இலக்கியத்தில் எத்தனையோ பேர். குப்பை வேண்டாம் என்று சொல்லி ஏமாந்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

லண்டன்காரர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். கிங்ஸ் கிராஸ் பக்கம் மலையளவு ஒரு சாம்பல் மேடு இருந்தது. 1812இல் நெப்போலியன் உள்ளே நுழைந்த சமயத்தில் மாஸ்கோ எரிந்ததல்லவா, அந்த ஊரைத் திரும்பக் கட்ட இந்த மேட்டை ரஷ்யர்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை. பெருமையாகச் சொல்வார்கள். ஆதாரமெல்லாம் கேட்டு அவர்கள் மனசைப் புண்படுத்தாதீர்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அப்போதுதான் முழுசாக எரிந்து முடிந்த ஊருக்குக் கப்பலில் சாம்பல் ஏற்றுமதி! உண்மையாக இருந்தால் அந்த சேல்ஸ்மேனுக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

எல்லா பூமுக்கும் ஒரு முடிவு உண்டு. சாம்பல் மலைமலையாகக் குவிந்தது, வாங்க ஆள் குறைந்தது. சூளைகள் ஊரைவிட்டுத் தள்ளிப் போயின. மேஹ்யூ நோட்டும் பென்சிலுமாக அலைந்த காலத்திலேயே காற்று திசைமாறிவிட்டது. பணம் கொடுத்துக்கொண்டிருந்த குத்தகைக்காரர்கள் முதலில் குறைத்தார்கள், அப்புறம் நிறுத்தினார்கள், அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும்” என்றார்கள். அதே ஆள், அதே வண்டி, அதே குதிரை. காசு வருகிற திசை மட்டும் மாறிவிட்டது. வெஸ்ட்ரி மெம்பர்களின் நிர்வாகத் திறமையை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

இங்கேதான் கதையின் விஷமமே இருக்கிறது. குப்பைக்கு விலை இருந்தபோது கான்ட்ராக்டர் வாசலில் தவம் கிடந்தார். இப்போதோ, வண்டி எவ்வளவுக்கு எவ்வளவு வராமல் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு லாபம். பணக்காரத் தெருவுக்கு வண்டி போனது, ஏழைகளின் சந்துக்கு வழி மறந்துபோனது. வண்டியோடு வருகிற டஸ்ட்மேனுக்கோ கூலி சொற்பம். பீர் குடிக்க ஏதாவது கொடுத்தால் தொட்டி காலியாகும், கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் அந்த வீடு மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. நாம் காபிக் காசு என்கிறோமே, அதற்கும் இதற்கும் பானம்தான் வித்தியாசம்.

புகார் குவிந்தது. 1891இல் லண்டனுக்கென்றே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்து, வீட்டுக் குப்பையை அகற்றுவது வெஸ்ட்ரியின் கடமை என்று சொன்னது. உள்ளாட்சிகள் ஒவ்வொன்றாகச் சொந்த வண்டி, சொந்த ஆள் என்று இறங்கின. இறங்கியதும் அவர்களுக்கும் தலைகால் புரியவில்லை. 1897இல் ஷோர்டிச் வெஸ்ட்ரி, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிற நிலையம் ஒன்றைக் கட்டியது. திறந்துவைக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? லார்டு கெல்வின். வெப்பவியல் மேதை, வந்து குப்பை அடுப்பைத் திறந்துவைத்தார். கட்டடத்தில் ‘தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும்’ என்று லத்தீனில் பொறித்தார்கள். இங்கிலீஷில் எழுதியிருந்தால் குப்பை வண்டிக்காரருக்கும் புரிந்து தொலைத்திருக்கும்.

அந்தக் கட்டடம் இன்னமும் இருக்கிறது. உள்ளே இப்போது சர்க்கஸ் பள்ளிக்கூடம். கம்பிமேல் நடக்கவும், ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பந்தைக் கீழே விழாமல் தூக்கிப்போடவும் கற்றுத்தருகிறார்கள். உள்ளாட்சி நிர்வாகத்தை அதே இடத்தில் தொடர்ந்து நடத்துவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் 80, 90 வருஷம் நகராட்சி ராஜ்ஜியம். அதை வேகமாகத் தாண்டிவிடலாம், 1979 ஜனவரிக்கு வருவோம். ஸ்ட்ரைக். குப்பை அள்ள ஆளில்லை. சினிமா தியேட்டர்களுக்குப் பேர்போன லெஸ்டர் ஸ்கொயரில் கறுப்புப் பைகள் மலையாகக் குவிந்தன. எலிகளுக்கு ஹவுஸ்ஃபுல். தாட்சர் சில மாதங்களில் பிரதமரானதற்கு அந்த மலையும் கொஞ்சம் தோள் கொடுத்தது.

1981இல் சவுத்தெண்ட் என்கிற கடற்கரை ஊர் குப்பை வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்தது. ஆஹா, புரட்சி, புதுப்பாதை! பத்திரிகைகள் துள்ளின. நம்ம குப்பை ராஜா டாட் போய்ச் சேர்ந்தது 1881இல். சரியாக 100 வருஷத்தில் ஒரு தேசம் தன் குப்பைத்தொட்டியையே மறந்துவிட்டது.

1988இல் தாட்சர் அரசு சட்டமே போட்டது. எல்லா கவுன்சிலும் குப்பைக்கு டெண்டர் விட்டே ஆக வேண்டும். சுதந்திரச் சந்தை கட்டாயம்! இதில் உச்சக்கட்டக் காமெடி, கவுன்சிலின் சொந்த ஊழியர்களும் டெண்டர் போடலாம். கவுன்சில் டெண்டர் விடும், கவுன்சிலே கவர் ஒட்டிப் போடும், கவுன்சிலே பிரித்துப் பார்த்து, “அடடே, நாமா!” என்று ஆச்சரியப்படும். பல ஊர்களில் சொந்த ஆட்களேதான் ஜெயித்தார்கள். பின்னாளில் சட்டம் போய், காற்று மறுபடி திரும்பியது. ஹாக்ஸ்டனுக்குப் பக்கத்து ஏரியாவான இஸ்லிங்டன் 2013இல் குப்பை வேலையைத் தனியாரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. அவர்களும் அதைப் புதுப்பாதை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நம் சென்னை மட்டும் சும்மா இருக்குமா? 2000இல் மாநகராட்சி மூன்று மண்டலங்களை ஓனிக்ஸிடம் கொடுத்தது. பிரெஞ்சு வம்சாவளிக் கம்பெனி. அந்தக் குடும்பம்தான் பிற்பாடு வியோலியா என்று பெயர் மாற்றிக்கொண்டு, அதே சவுத்தெண்டிலும் போய்க் குப்பை அள்ளியது. இங்கே எடைக்குக் காசு. டன் கணக்கில் பில். எடைக்குக் காசு என்றால் நனைந்த குப்பைக்குத் தனி மவுசு, ஐப்பசி அடைமழையைக் கும்பிட்டு வரவேற்க ஊரில் ஒரு ஜீவனாவது கிடைத்திருக்கும்.

ஏழு வருஷம் கழித்து ஓனிக்ஸ் போய் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. அதில் கூட்டாளி கொலம்பியா கம்பெனி. அப்புறம் ஹைதராபாத்தின் ராம்கி. 2020இல் ஸ்பெயினின் உர்பேசர், சுமீத் என்கிற கம்பெனியோடு ஜோடி சேர்ந்து. ஆக, பாரீஸ், கொலம்பியா, மாட்ரிட் என்று நம் வீட்டு வெங்காயத் தோலுக்கு இருக்கிற சர்வதேசத் தொடர்பு ரிப்பன் மாளிகையில் எந்த கவுன்சிலருக்கும் கிடையாது. நல்லவேளை, வெங்காயத் தோலுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால், தன்னை அள்ளப்போவது எந்த நாட்டுக் கம்பெனி என்று விசாரிக்காமல் தொட்டியில் இறங்கியிருக்காது.