முகத்துவாரம் தூர்ந்தால் படகு திரும்பிவிடுமா?

கேள்வி: மாமனாருக்குப் பித்தக்குழாயில் கல். வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டும் எடுக்க முடியவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்கிறார்கள். டாக்டருக்குக் கைப்பழக்கம் போதாதா?
– வாசகி, கோடியக்கரை

பதில்: கோடியக்கரைக்காரர்களுக்கு முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மணல் மேடிட்டுக் கிடந்தால் எத்தனை அனுபவசாலியும் தண்ணீர் ஏறும்வரை படகை நிறுத்தித்தான் வைப்பார். பித்தக்குழாய்க்கும் அப்படியொரு முகத்துவாரம் உண்டு. முன்சிறுகுடலின் உட்சுவரில் ஒரு சின்ன மேடு, அதன் நடுவே ஊசித்துளை போல ஒரு வாய். பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேர்ந்து திறப்பது அங்கேதான். டாக்டர் கேமராவில் பார்த்தபடியே, பித்தக்குழாய்க்குள் மட்டும் மெல்லிய கம்பியை நுழைக்க வேண்டும். சிலருக்கு அந்த மேட்டை ஒட்டிக் குடல் பைபோலப் பிதுங்கியிருக்கும். முன்பு இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வழியே மாறியிருக்கும்.

1968இல் வாஷிங்டனில் வில்லியம் மெக்கூன் குழுவினர் முதன்முதலாக இந்த வாய்க்குள் குழாய் செலுத்தியபோது, நான்கு பேரில் ஒருவருக்குத்தான் கைகூடியது. வாயைச் சற்றே கீறிக் கல்லை எடுக்கும் முறை, 1974இல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்தும் ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்தும் வந்தது. இன்று ஈ.ஆர்.சி.பி. என்று சொல்லப்படும் இந்தச் சிகிச்சையில், தேர்ந்த கைக்கு வைத்திருக்கும் அளவுகோலே நூற்றுக்குத் தொண்ணூறு. மாமனார் மீதிப் பத்தில் ஒருவர். முரட்டுத்தனமாகத் தொடராமல் நிறுத்திய டாக்டர் நல்லதே செய்திருக்கிறார்.

கேள்வி: அன்றைக்கே இன்னொரு தடவை முயன்றிருக்கலாமே?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தொடத் தொட அந்த மேடு வீங்கும். ஐந்து தடவைக்கு மேல் தொட்டோ, ஐந்து நிமிடத்துக்கு மேல் முயன்றோ வழி கிடைக்காவிட்டால் 'கடினமானது' என்று கொள்ளச் சொல்கிறது ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் 2016 வழிகாட்டி. கம்பி வழிதவறிக் கணையக்குழாய்க்குள் போய்வந்தால் கணையம் அழற்சி காணக்கூடும். உயிருக்கே உலை வைக்கக்கூடியது அது. இரண்டு முதல் நான்கு நாள் விட்டால் வீக்கம் வடியும். முதல் தடவை கீறிவிட்ட இடமும் தெளிந்து, வாய் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் முயற்சியில் பெரும்பாலோருக்குக் கல் வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். ஆபத்து அதிகமுள்ள 602 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆசனவாயில் வைக்கும் இண்டோமெதசின் மருந்து கணைய அழற்சியை 16.9 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாகக் குறைத்தது. நோயாளிக்கு அது பொருந்துமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: காத்திருக்கும் நாளில் கீழாநெல்லி கொடுக்கலாமா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: குழாயில் சிக்கிய கல்லை எந்த இலையும் நகர்த்தாது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் குழாயில் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது மூன்று நாள் கணக்கு செல்லாது. நடுராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இரண்டாவது முயற்சியை எங்கே வைத்துக்கொள்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இதை அன்றாடம் செய்கிற கை எங்கே இருக்கிறதோ அங்கே. நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் கருவியும் நிபுணரும் இருக்கிறார்களா என்று கேட்டறிந்த பிறகே நாகையா, தஞ்சாவூரா, திருச்சியா என்று முடிவு செய்து வண்டி பிடியுங்கள். முதல் முயற்சியின் ரிப்போர்ட், ஸ்கேன் படம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கீறும்போது ரத்தம் நிற்காமல் போகலாம்.

கேள்வி: இரண்டாவதும் தவறினால்?
– வாசகர், வாய்மேடு

பதில்: விலாப்பக்கமிருந்து கல்லீரல் வழியாக ஊசி செலுத்திப் பித்தத்தை வடிக்கலாம். லேப்பரோஸ்கோப்பியில் குழாயைத் திறந்தும் கல்லை எடுக்கலாம். கல் வராமல் பிளாஸ்டிக் ஸ்டென்ட் மட்டும் வைத்து அனுப்பினால், அதை எடுக்க வேண்டிய தேதியை டாக்டரிடம் கேட்டு வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் ஸ்டென்டே அடைத்துக்கொண்டு, காமாலை திரும்ப வரலாம்.