அதெப்பிடிங்க அண்ணன்

அரசியல், ஆஸ்பத்திரி, ஆண்டவன். இந்த மூன்றையும் வேலை செய்கிற இடத்தில் பேசக்கூடாது என்று பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பே எடுக்கிறார்களாம். சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பம்ப் கம்பெனிகளில் அப்படி ஒரு சட்டம் போட்டால் பத்து மணி டீக்கு ஒருத்தரும் எழுந்து வர மாட்டார்கள். ஏனென்றால் கம்பெனிக்கு ஒரு 'அதெப்பிடிங்க' அண்ணன் கட்டாயம் இருப்பார்.

வயது ஐம்பதுக்கு மேல். பெரும்பாலும் வைண்டிங் செக்‌ஷன். மூக்கு நுனியில் கண்ணாடி, முன்னால் ஒரு ஸ்டேட்டர். நீங்கள் பக்கத்தில் போய், "என்னங்கண்ணா, வெயில் கொளுத்துதுங்களே" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால் போதும். "அதெப்பிடிங்க? போன வருசத்துக்கு இது பரவால்லீங்களே" என்று ஆரம்பித்துவிடுவார். வாய் வாதாடிக்கொண்டிருக்கும், விரல்கள் பாட்டுக்குப் பள்ளம் பள்ளமாக ஒயரைக் கோர்த்துக்கொண்டிருக்கும். ஒரு சுற்று கூடாது, ஒரு சுற்று குறையாது. எதிரில் நின்று கேட்கிற நமக்குத்தான் எந்த வேலைக்கு வந்தோம் என்பது மறந்துபோகும்.

அவர் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்கப் பலர் முயன்று தோற்றிருக்கிறார்கள். உதயசூரியன் ஆள் பேசினால் இவர் இரட்டை இலை. இலைக்காரர் வந்தால் இவர் சூரியன். தாமரைக்காரரும் கம்யூனிஸ்ட்காரரும் சேர்ந்து வந்த அன்று இருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி, கடைசியில் அவர்கள் இருவரையும் ஒரே அணியில் சேர்த்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஊர் வாகு அப்படி. 2016இல் கோவை மாவட்டத்துப் பத்துத் தொகுதியில் ஒன்பது இலைக்குப் போனது, ஆட்சியும் இலைக்கே வந்தது. சிங்காநல்லூர் மட்டும் சூரியனை ஜெயிக்க வைத்தது. 2021இல் சூரியன் கோட்டையைப் பிடித்தது. சிங்காநல்லூர் இலைக்குத் திரும்பியது. இதை எடுத்துச் சொன்னால் அண்ணன் மகிழ்ந்துபோவார் என்று நினைத்தீர்களா? "அதெப்பிடிங்க? 2011ல ஆளுங்கட்சிக்குத்தானுங்க போட்டோம்!"

அடுத்தது ஆஸ்பத்திரி. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தலைப்புக்குப் பஞ்சமே கிடையாது. "அங்க போனா கியூவுலயே பாதி நாள் போயிருதுங்கண்ணா" என்று சலித்துக்கொண்டீர்களோ, மாட்டினீர்கள்.

"ஏனுங் தம்பி, நூறு ரூவா சம்பளத்துக்கு உங்ககிட்ட எத்தன புடிக்கறாங்க? முக்கா ரூவா. மொதலாளி மூணேகா ரூவா போடறாரு. இந்தத் திட்டம் தமிழ்நாட்டுல மொதமொதல்ல நம்ம கோயமுத்தூருக்குத்தானுங்க வந்துச்சு, 1955ல. ஒடம்பு செரியில்லாம லீவு போட்டா வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் நூத்துக்கு எழுவது சம்பளம் குடுக்கறாங்க. எந்தப் பிரைவேட் ஆஸ்பத்திரி குடுக்குமுங்க?"

சரி, நல்ல விஷயம்தானே என்று மறுநாள் நீங்கள் இ.எஸ்.ஐ.யைப் புகழ்ந்தால், "அதெப்பிடிங்க? சம்பளம் 21,000த்தத் தாண்டுனா வெளிய போன்னுருவாங்களே! இந்த வெலவாசில 21,000 ஒரு சம்பளமுங்களா?"

2021 மே 30ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் கவச உடை மாட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டுக்குள் போனார். அன்று ஒருவர் "எல்லாம் போட்டோவுக்குங்க" என்றதற்கு, "வார்டுக்குள்ள நீங்க போவீங்களா?" என்று சீறினார் அண்ணன். இன்னொருவர் "என்ன தைரியமுங்க!" என்று வியந்தபோது, "உள்ள தெனமும் போற நர்சம்மாளுக்கு இல்லாத தைரியமுங்களா?" என்று அவரையும் உட்கார வைத்தார்.

காப்பீட்டு அட்டை இன்னொரு தீராத வழக்கு. 2009இல் கலைஞர் பெயரில் வந்தது, 2012இல் ஜெயலலிதா மாற்றிக் கொடுத்தது, 2018இல் பிரதமர் திட்டம் வந்து சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஸ்வீட் கொடுக்க வந்த பையனை நிறுத்தி, "யாரு பணத்துலீங்க?" என்று கேட்டு, மூன்று கட்சிக்கும் பங்கு பிரித்துக் காட்டிய பிறகுதான் மைசூர்பாகை வாயில் போட்டார்.

சாமி விஷயத்தில் அவர் நாத்திகர். எதிரில் பக்தர் இருக்கும் வரைக்கும். ஒரு பெரியார் பக்தர் மாட்டினால் நிலைமை வேறு. "அதெப்பிடிங்க? எம்.ஜி.ஆரு தி.மு.க.வுல இருந்தப்பவே அவர வெச்சுப் படமெடுத்தவரு யாரு? நம்ம பக்கத்துல ராமநாதபுரத்துல பொறந்த சின்னப்பா தேவரு. முருகன் பேரச் சொல்லாம ஒரு வேல தொடங்க மாட்டாரு. மருதமலைக்கு அவரு செஞ்சது கொஞ்சமுங்களா? உங்க பகுத்தறிவுப் படத்து வசூல்லதானுங்க எங்க முருகனுக்கு வெளிச்சம்!" என்பார். இதைக் கேட்டுப் பூரித்த பக்தர், "அப்ப தைப்பூசத்துக்குப் பழனி நடக்கலாமுங்களா?" என்றால், "நடந்தா முட்டிதானுங்க தேயும்" என்று மறுபடி நாத்திகராகிவிடுவார். ஆயுத பூஜையன்று மட்டும் இந்த வழக்கெல்லாம் ஒத்திவைப்பு. லேத்துக்குச் சந்தனப் பொட்டு சரியான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா, பூசணிக்காய்க்குள் குங்குமம் போதுமா என்று மேற்பார்வை பார்ப்பவர் அவர்தான். கேட்டால், "பூஜை போடறது மெசினுக்குங்க, சாமிக்கில்ல."

சொந்த அண்ணன் தம்பியே கட்சிக்காகக் குடும்ப வாட்ஸப் குரூப்பை விட்டு வெளியேறுகிற காலம் இது. இவரிடம் அது நடக்காது. பேக்கரியில் தேங்காய் பன்னைப் பாதியாகப் பிய்த்து உங்களுக்குக் கொடுத்துக்கொண்டே உங்கள் தலைவரைக் கிழிப்பார். நாளைக்கும் இதே பெஞ்சில், இதே ஆளோடு உட்கார்ந்தாக வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் தலைவர்களைத் திட்டுவாரே தவிர, உங்கள் வீட்டுப் பக்கம் பேச்சு போகாது.

அவரை வாயடைக்க ஒரே ஒருவனால் முடிந்தது: புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையன். சண்டை வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இந்த ஆட்சி மோசமுங்க என்றார். "ஆமாங்கண்ணா." இல்ல, போன ஆட்சிக்கு இது தேவலைங்க என்றார். "ஆமாங்கண்ணா." சாமியே இல்லீங்க. "ஆமாங்கண்ணா." அண்ணன் கோர்த்துக்கொண்டிருந்த ஒயரைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பையன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? வண்டில ஏறுங்க, இ.எஸ்.ஐ.க்கு ஒரு எட்டு போயிட்டு வந்தர்லாம்."