திரும்பி வருவேன் என்று நிறுவுதல்: சுற்றுலா விசா குறித்த ஓர் ஆராய்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவில் மகனோ மகளோ வேலை பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் வாங்கும் பி1/பி2 என்னும் தற்காலிக விசாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அது போவதற்கான அனுமதி என்று பொதுமக்கள் நம்பிவருகிறார்கள். உண்மையில், திரும்பி வருவதில் வைக்கப்படும் தேர்வு அது. போவது, தேறியவர்களுக்குக் கிடைக்கும் பரிசு. இதுவே இக்கட்டுரையின் துணிபு. மாணவர் விசா, வேலை விசா முதலியவை வேறு சாதியைச் சேர்ந்த துன்பங்கள் என்பதால் ஆய்வெல்லைக்குள் வரவில்லை.

சட்டவியல்

1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு உண்டு. விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிடப் போகிறவர்தான் என்று முதலிலேயே வைத்துக்கொள்வது அதன் சாரம். சிலவகை வேலை விசாக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. தங்கிவிடப் போவதில்லை என்று அதிகாரியின் மனம் ஒப்பும்படி நிறுவ வேண்டியவர் விண்ணப்பதாரர். கொலை வழக்கில்கூட நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலையில்தான் இருக்கிறது. ஆக, திருத்துறைப்பூண்டியில் காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, மூட்டுவலித் தைலத்தோடும் பருப்புப்பொடியோடும் புறப்படும் பெரியவர், நியூஜெர்சியில் இறங்கிய மறுநாளே தலைமறைவாகிப் பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார் என்பது சட்டத்தின் தொடக்க அனுமானம். நியூஜெர்சியில் வண்டிக்காரர் தன் கையால் பெட்ரோல் போட்டுக்கொள்ள அனுமதியில்லை. பங்க்கில் ஆள் தேவைதான். நடுநிலை கருதி இதையும் பதிவு செய்கிறோம்.

முன்னோர் வழக்கு

பெண்களோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. இன்றைக்கு மகளின் பேறுகாலத்துக்குக் கடல் கடப்பவர் தாய்தான். தந்தை உடன் போவது கைப்பை சுமக்கவும், பாஸ்போர்ட் எங்கே என்று மணிக்கொரு தரம் கேட்கவும். இந்த வழக்குக்கு உரை காணும் வாய்ப்பு இளம்பூரணருக்கும் நச்சினார்க்கினியருக்கும் இல்லாமல் போனது தமிழுக்கு இழப்பே.

கடவுத்தாள் தொல்லை இல்லாத ஒரு பொற்காலம் இருந்தது என்பார் ஒரு சாரார். அவர்கள் காட்டும் சான்று போட் மெயில். 1914இல் தொடங்கிய அந்த வழியில், எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அது முடிந்தது. இந்தச் சான்றை நாம் முழுதும் ஒப்புவதற்கில்லை. டிக்கெட் எடுத்த கனவான் வெற்றிலை மென்றுகொண்டே கொழும்பு போய்ச் சேர்ந்த அதே காலத்தில், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிச் சனங்களை இலங்கை அரசு மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் உண்டா என்று பார்த்துத்தான் அனுப்பியது. காத்திருப்பு அப்போதும் இருந்தது. யார் காத்திருப்பது என்பதுதான் மாறியிருக்கிறது.

முதல் உலகப் போரின்போது ஒற்றர்களுக்குப் பயந்து நாடுகள் கடவுத்தாள் கேட்டுக் கெடுபிடி செய்தன. போர் முடிந்த பிறகு, 1920 அக்டோபரில், சர்வதேசச் சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டியது. இந்தக் கெடுபிடிகளை ஒருநாள் அடியோடு நீக்கிவிட வேண்டும், அதுவரைக்கும் எல்லா நாடுகளும் ஒரே மாதிரிப் புத்தகம் அச்சிட்டுக்கொள்ளட்டும் என்று அது கருதியது. அந்த ‘அதுவரைக்கும்’ நூறாண்டைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது.

படிவவியல்

டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவம் இத்துறையின் மூலநூல். ஆசிரியர் பெயர் தெரியவில்லை, நடை இறுக்கமானது, உரையில்லாமல் விளங்காது. உரையாசிரியராக இருப்பவர் பெரும்பாலும் அங்கே இருக்கும் மகன். இரவு பதினொரு மணிக்கு அலுவலகக் கூட்டம் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வாட்ஸ்அப்பில் வந்து, “அப்பா, நான் சொல்றத மட்டும் டைப் பண்ணுங்க” என்பது அவர் உரைமரபு.

முதல் சிக்கல் பெயரில் வருகிறது. குடும்பப் பெயர், இட்ட பெயர் என்று படிவம் இரண்டு கட்டம் போட்டிருக்கிறது. நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். அந்த இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டவர்களை, காலமாகிப் பல வருடமான அவர்களுடைய தகப்பனார் பெயரால் விமான நிலைய ஒலிபெருக்கி அழைக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் நிலை இன்னும் நுட்பமானது. அந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். இட்ட பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. முருகேசனும் எஃப்என்யூ, அவர் மனைவி சரஸ்வதியும் எஃப்என்யூ, எதிர்வீட்டு அந்தோணிசாமியும் எஃப்என்யூ. பெயரில் சாதி தெரியக்கூடாது என்று இந்த மாநிலத்தில் நடந்த நெடிய போராட்டத்தின் எதிர்பாராத விளைச்சல் இது. இன்னாரென்றே தெரியாத அளவுக்கு வெற்றி.

இரண்டாவது, நீங்கள் ஏதேனும் குலத்தையோ இனக்குழுவையோ சேர்ந்தவரா என்ற வினா. கூட்டம், கோத்திரம், கோயில், பங்காளி முறை என்று இரண்டு மணி நேரம் தடையின்றிப் பேசவல்ல பெரியவர்கள் இந்த இடத்தில் மட்டும் ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறார்கள். ஐந்து தலைமுறைக் கொடிவழியை ஒப்பிக்கத் தெரிந்தவர் அமெரிக்கக் கணினிமுன் குலமற்றவராகும் இந்தச் சமூகப் புரட்சி தனியே ஆராயத்தக்கது.

அடுத்து வருவது பாதுகாப்புப் பகுதி. நீங்கள் இனப்படுகொலையில் ஈடுபட்டதுண்டா? யாரையாவது சித்திரவதை செய்ததுண்டா? உளவு பார்க்க வருகிறீர்களா? கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியிருக்கிறீர்களா? விபச்சாரம் செய்ய வருகிறீர்களா? பேரக்குழந்தைக்கு வசம்பும் கிரைப் வாட்டரும் எடுத்துவைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் இதை எந்த மகனும் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’யைத் தட்டிக்கொண்டே போய்விடுவான். அமெரிக்கப் பாதுகாப்பில் இது ஒரு பெரிய ஓட்டை என்பது எம் கருத்து. எந்த அம்மாவிடமும் உண்மையில் கேட்கப்படவே இல்லை.

இருபது நிமிடம் ஒன்றும் தட்டாமல் இருந்தால் தளம் தானே மூடிக்கொள்ளும். முதல் பக்கத்தில் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்து வைக்காதவர் மறுபடி முதலிலிருந்துதான். தொல்காப்பியர் அதிகாரத்துக்கு ஒன்பது இயல் எழுதினார். அவருக்கு இந்த நேரக்கட்டுப்பாடு இல்லை.

படவியல்

சிறிய இயல். இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி. 2016 நவம்பர் முதல் கண்ணாடி கூடாது. நாற்பது வருடமாகக் கண்ணாடியோடு பார்த்த முகத்தை அது இல்லாமல் பார்க்கும் மனைவி, “இது யாரு?” என்று கேட்பதோடு இயல் முடிகிறது.

கோப்பியல்

நேர்காணலுக்குப் போகிறவர் கையிலிருக்கும் கோப்பின் கனம் அவருடைய அச்சத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உள்ளே இருப்பவை: பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வைப்புத்தொகை ரசீதுகள், வருமானவரிக் கணக்கு, ஓய்வூதிய ஆணை, ஆடிட்டர் போட்டுத் தந்த சொத்து மதிப்புச் சான்று. சிலர் நகை மதிப்பீட்டாளரிடமும் எழுதி வாங்கியிருப்பார்கள். இவற்றோடு திருமணச் சான்று. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முந்தியவர்களுக்கு அக்கினியும் மாமன்மாரும் சாட்சி. அவர்களில் பலர் இப்போது மூட்டைப் பிடித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகப் படியேறி, நாற்பது வருடம் கழித்துச் சட்டப்படி மணமக்கள் ஆகிறார்கள்.

இந்தக் கோப்பின் தத்துவம் எளிது: இத்தனை சொத்தை விட்டுவிட்டு எவன் ஓடுவான்? இந்தத் தத்துவத்தில்தான் பெரும்பிழை இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டும் போகலாம். வங்கி வைப்பு எங்கிருந்தாலும் வட்டி தரும். மனிதனை உண்மையில் ஊருக்கு இழுத்து வருபவை எவையோ அவற்றுக்குச் சான்று கொடுக்கும் அலுவலகம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் மகன் எட்டு மணிக்குப் போய்விடுகிறான். மருமகள் மடிக்கணினியோடு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். தெருவில் கார்கள் உண்டு, மனிதர் இல்லை. வண்டி ஓட்டத் தெரியாதவருக்குத் தபால் பெட்டி வரைதான் உலகம். காலையில் செய்தித்தாள் விழும் சத்தம் கேட்காது. டீக்கடையில் தர்க்கம் பண்ண ஆள் கிடைக்காது. பல்வலி வந்தால் கட்டணத்தை நினைத்தே வலி நின்றுவிடும். ஆறு மாதம் தங்க அனுமதி இருந்தும் நாலாவது மாதமே டிக்கெட்டை மாற்றச் சொல்லும் தந்தையர் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் பட்டா நிலத்தை நினைத்துத் திரும்பியதாகச் சொல்வதில்லை.

இன்னொரு வலுவான பிணைப்பும் உண்டு. மத்திய அரசில் ஓய்வுபெற்றவர் ஆண்டுதோறும் நவம்பரில், தாம் உயிரோடிருப்பதாக உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும். அமெரிக்க அரசிடம் திரும்பி வருவதை நிறுவியவர், இந்திய அரசிடம் சாகவில்லை என்பதை நிறுவுகிறார். இப்போது செல்பேசியில் முகத்தைக் காட்டியே இதை முடிக்கலாம் என்று ஆகிவிட்டதால் இந்தச் சான்றின் வலு கொஞ்சம் குறைந்திருப்பதை ஒப்புக்கொள்கிறோம்.

வேண்டுதலியல்

ஹைதராபாத் அருகே சில்கூரில் இருக்கும் பெருமாளுக்கு விசா பாலாஜி என்றே பெயர் விழுந்துவிட்டது. வேண்டும்போது 11 சுற்று, கிடைத்தபின் 108 சுற்று. அந்தக் கோயிலில் உண்டியல் கிடையாது. தூதரகத்தில் 2023 ஜூனிலிருந்து கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. இரண்டையும் ஒப்புநோக்கும் வேலை வாசகருக்கு.

சன்னலியல்

இடம்: சென்னை அண்ணா சாலை, ஜெமினி மேம்பாலத்தின் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். காலம்: வைகறை கழிந்த காலை. முதலில் ஒரு நாள் வேறோர் இடத்தில் பத்து விரல் ரேகை. பின்பு ஒரு நாள் இங்கே நேர்காணல். செல்பேசிக்கு உள்ளே இடமில்லை. ஆகையால் வரிசையில் நிற்கும் தமிழர், வெகுகாலத்துக்குப் பிறகு, பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

இதை எந்தத் திணையில் அடக்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். எனவே இது முல்லையே என்பர் ஒரு சாரார். விரும்புபவர் ஒருவர், விரும்பப்படுவது கண்டுகொள்ளவே இல்லை. ஆகவே ஒருதலைக் காமமாகிய கைக்கிளை என்பர் மற்றொரு சாரார். எம் முடிபு: நேர்காணல் தேதிக்குக் காத்திருப்பது முல்லை. மறுக்கப்பட்டபின் மறுபடி விண்ணப்பிப்பது கைக்கிளை. மூன்றாம் முறையும் பணம் கட்டுவது பெருந்திணை.

சென்னைக்கு வரும் அதிகாரிகளில் சிலர் அமெரிக்காவிலேயே தமிழ் படித்துவிட்டு வருகிறார்கள். சன்னலுக்கு அந்தப்புறமிருந்து இலக்கணச் சுத்தமாக, “நீங்கள் ஏன் அமெரிக்கா செல்ல விரும்புகிறீர்கள்?” என்று வரும். இந்தப்புறமிருந்து, “மை சன் ஈஸ் தேர் சார்” என்று போகும். இரு தரப்பும் தத்தம் வீட்டுப்பாடத்தை ஒப்பித்து முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மகன் என்ன வேலை, யார் செலவு, எத்தனை நாள், முன்னே எந்த நாட்டுக்காவது போயிருக்கிறீர்களா. அவ்வளவுதான். கோப்பை ஏறிட்டும் பார்ப்பதில்லை. வில்லங்கச் சான்று வாங்க அலைந்தவர், “சார், பேப்பர்ஸ் எல்லாம் இருக்கு” என்று தாமாகவே நீட்டிப் பார்ப்பார். வேண்டாம் என்று ஒரு கை அசையும். விசா கிடைத்த மகிழ்ச்சியைவிட, கோப்பு திறக்கப்படாத வருத்தத்தையே அவர்கள் அதிக நாள் பேசுகிறார்கள்.

முடிவை அறிய ஒரு குறி உண்டு. பாஸ்போர்ட்டை அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டால் வெற்றி. கையில் திருப்பிக் கொடுத்து, கூட ஒரு தாளும் கொடுத்தால் பெரும்பாலும் 214(பி). தன் பொருள் தனக்கே திரும்பக் கிடைத்ததற்காக மனிதன் கண்கலங்கும் இடம் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வென்றவர்க்கும் ஓர் எச்சரிக்கை. நம்மவர்க்கு இந்த விசா பெரும்பாலும் பத்து வருடத்துக்குக் குத்தப்படும். பத்து வருடம் தங்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. உள்ளே விடுவதா, எத்தனை நாள் விடுவது என்பதை அங்கே விமான நிலையத்தில் நிற்கும் இன்னோர் அதிகாரி தீர்மானிப்பார். வழக்கமாக ஆறு மாதம். பெட்டியில் இருக்கும் ஆவக்காயைப் பற்றிக் கேட்பவர் அவருக்கும் அடுத்தவர்.

முடிபும் வேண்டுகோளும்

திரும்பி வருவதை நிறுவ பட்டா பயன்படாது என்று கண்டோம். படிவத்தில் ஒரே ஒரு வினாவைச் சேர்த்தால் போதும்: ‘நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் உங்களைக் காணோம் என்று முதலில் கேட்கப்போகிறவர் யார்?’ இதற்குத் தயங்காமல் பதில் சொல்பவருக்கு விசாவை அங்கேயே குத்திக் கொடுத்துவிடலாம். இந்தப் பரிந்துரை ஏற்கப்படும் என்ற நம்பிக்கை எமக்கில்லை.

எனவே வாசகருக்கு நடைமுறையாக ஒன்று. 2022 இறுதியில் இந்தியாவில் இந்த விசாவுக்கான நேர்காணல் காத்திருப்பு 900 நாளைத் தாண்டியது. குழந்தை பிறக்க ஆவது 280 நாள். அந்தக் கணக்கில் நாள் குறித்த பாட்டி போய் இறங்கும்போது, பேரன் வாசலுக்கு நடந்து வந்து நீங்கள் யார் என்று கேட்டிருப்பான். மகளிடமிருந்து நல்ல செய்தி வந்தால், லட்டு வாங்கக் கடைக்குப் போகும் முன்பு டிஎஸ்-160ஐத் திறந்து விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.