கூவத்தூருக்குப் போகாத காளை

மதுரைக்கு எதெல்லாம் வேண்டாமோ அதெல்லாம் அவனியாபுரத்துக்கு வந்துசேரும். ஊர்ச் சாக்கடையை எங்கே விடுவது என்று வெள்ளைக்காரன் காலத்தில் யோசித்தார்கள்; எங்கள் பக்கம் பண்ணை போட்டு அந்தத் தண்ணீரில் புல் வளர்த்தார்கள். குப்பையை எங்கே கொட்டுவது என்று பின்னால் யோசித்தார்கள், வெள்ளக்கல் அகப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு ஓடுதளம் தேவைப்பட்டபோதும் கை நீண்டது இந்தத் திசையில்தான். இன்றைக்கும் பிளேனில் வந்து இறங்குகிற பெரிய மனிதர், மல்லிகை மணக்கும் என்று மூச்சை இழுத்தால் முதலில் கிடைப்பது நாங்கள்தான்.

2011-ல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். நாங்களும் மாநகரவாசிகள் ஆனோம். மாடுகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. நடுரோட்டில்தான் படுத்து அசைபோடுகின்றன.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைத்த ஒரே மரியாதை, தை முதல் நாள் ஜல்லிக்கட்டு. மறுநாள் பாலமேடு, அதற்கும் மறுநாள் அலங்காநல்லூர். உலகம் அலங்காநல்லூரைத்தான் சொல்லும். ஆனால் பொங்கலின் முதல் குத்து வாங்குவது நாங்கள்.

என் கட்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கட்சி கிடையாது. எங்கள் தெருவில் இதைச் சர்க்கரை வியாதி மாதிரி விசாரிப்பார்கள். "எப்ப இருந்துண்ணே? டாக்டரைப் பாத்தீங்களா?" 2013-ல் வோட்டு மெஷினில் நோட்டா பட்டன் வந்தபிறகுதான் எனக்கும் ஒரு சின்னம் கிடைத்தது. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நோட்டா 2,373 வோட்டு வாங்கியது, பாஜக வேட்பாளர் 1,417. மத்தியில் ஆளும் கட்சியை என் கட்சி சாய்த்த நாள் அது. வெற்றி விழா நடக்கவில்லை. எங்கள் கட்சியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது.

ஆனால் தேர்தல் என்றால் என்ன என்று எங்கள் தொகுதிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்துத் திருமங்கலம் 2009 ஜனவரி இடைத்தேர்தலில் வோட்டுக்குக் கவர் கொடுப்பதை ஒரு 'ஃபார்முலா'வாகவே உயர்த்தி நாட்டுக்கு வழங்கியது. எங்கள் திருப்பரங்குன்றம் அதைவிட நுட்பமான வேலை செய்தது. 2016 மே மாதம் ஜெயித்த சீனிவேல் பதவியேற்குமுன்பே காலமானார். நவம்பரில் இடைத்தேர்தல். ஜெயலலிதா அப்போது அப்பல்லோவில் இருந்தார். அதிமுக வேட்பாளர் ஏ.கே.போஸுக்குச் சின்னம் கேட்கும் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இடது கைப் பெருவிரல் ரேகை வந்தது. போஸ் ஜெயித்தார். தோற்ற திமுக சரவணன் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கையில் 2018-ல் போஸும் காலமானார். 2019 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: 2016-ல் அவர் பெற்ற வெற்றி செல்லாது. மே மாதம் இன்னொரு இடைத்தேர்தல்; இந்த முறை சரவணன் ஜெயித்தார். 2021-ல் மறுபடி பொதுத்தேர்தல். ஐந்து வருஷத்துக்குள் நாலு சட்டமன்றத் தேர்தல். விரலில் வைத்த மை அழிவதற்குள் அடுத்த மை. பிற்பாடு ரேஷன் கடையில் மெஷினில் கைரேகை வைக்கச் சொன்னபோது எங்கள் பாட்டிகள் கேட்ட முதல் கேள்வி, "இதாச்சும் செல்லுமாப்பா?"

அரசாங்கத்துக்கும் எங்கள் விளையாட்டுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள், குடும்பங்கள் அழிகின்றன என்று. அதே வருஷம் நவம்பரில் டாஸ்மாக் கடைகளை அரசே திறந்தது. குடும்பங்கள் அழிவதில் தனியாருக்கு வேலையில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

2006-ல் திமுக வந்தது, வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். மக்கள் அதில் கலைஞரைப் பார்ப்பார்கள் என்பது திட்டம். எங்கள் தெருப் பையன்கள் டவுன்ஹால் ரோட்டில் டிவி கேம் வாங்கிவந்து சொருகி, மேரியோவைப் பார்த்தார்கள். கேசட் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் நாலே நாலு கேம்தான் மறுபடி மறுபடி வேறு பேரில் வரும். படம் தெரியாவிட்டால் கேசட்டைக் கழற்றி அடியில் ஊதவேண்டும். தேர்தல் அறிக்கை எழுதுகிறவர்கள் அங்கேதான் தொழில் கற்றிருக்கிறார்கள் என்பது என் ஆராய்ச்சி முடிவு. 2011-ல் அதிமுக வந்தது; மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், பிள்ளைகளுக்கு லேப்டாப். மூடியில் அம்மா சிரிப்பார், திறந்தால் வைஸ் சிட்டி கேம் ஓடும். கொடுத்த சாமான் அத்தனைக்கும் கரண்ட் வேண்டும் என்பது அடுத்த வருஷம்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது. 2012-ல் அந்த ஃபேனை நாங்கள் கையால் சுற்றிவிட்டுப் பார்த்ததுண்டு.

இதற்கிடையில் காளையின் கேஸ். 2006-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் முதல் தடை. 2009-ல் ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த மாநில அரசு ஒரு சட்டம் போட்டது. 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகள் பட்டியலில் காளையையும் சேர்த்தது. அதில் ஏற்கெனவே இருந்தவை கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம். வீட்டு வாசலில் கழனித்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது ஒரே ராத்திரியில் சிங்கத்துக்குப் பங்காளி ஆனது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் முழுசாகத் தடை போட்டது. 2016 ஜனவரி 7-ல் மத்திய அரசு அனுமதி, 12-ல் கோர்ட் இடைக்காலத் தடை. அந்த ஐந்து நாளில் எங்கள் ஊரில் மாட்டுக்கு எண்ணெய் தடவி, கொம்பு சீவி, மறுபடி கட்டுத்தறியில் கட்டினார்கள்.

காளையைச் சிங்கத்தோடு சேர்த்த காலத்தில் டெல்லியில் நடந்தது காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. பத்து வருஷம் கழித்து, 2021 பொங்கலன்று, ராகுல் காந்தி அவனியாபுரம் மேடையில் உட்கார்ந்து ஜல்லிக்கட்டு ரசித்தார். மாடுகள் எதுவும் அந்தப் பழைய பேச்சை எடுக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

2017-க்கு வருவோம். முந்தின நவம்பர் 8 ராத்திரி கையிலிருந்த ஐந்நூறும் ஆயிரமும் செல்லாக்காசு ஆயின. டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்தார். கையில் காசில்லை, கோட்டையில் யார் என்று தெளிவில்லை, ஆனால் ஆளாளுக்குப் பையில் ஜியோ சிம் இருந்தது. செப்டம்பரில் தொடங்கியது, மார்ச் வரை ஓசி. ஜல்லிக்கட்டு கேட்டு அந்த ஜனவரியில் கூட்டம் கூடிய தை எழுச்சிக்குப் பண்பாடு, தன்மானம் என்று காரணம் எழுதுவார்கள். மறுக்கவில்லை. மூன்று பொங்கலாக மாடு அவிழ்க்காத கோபமும் அளவில்லாத டேட்டாவும் ஒரே கையில் இருந்தது என்பதையும் ஒரு ஓரமாக எழுதிக்கொள்ளலாம்.

மெரினாவில் விளக்கு அணைந்த ராத்திரியில் கூட்டம் செல்போன் டார்ச்சைத் தூக்கியது. மதுரையில் தமுக்கம் நிரம்பியது. செல்லூர்ப் பக்கம் ரயிலை மறித்து வைகைப் பாலத்தின் மேலேயே நிறுத்தினார்கள். தண்ணீர் ஓடாத ஆற்றின் மேல் ஓடாத ரயில். தலைவன் இல்லாத கூட்டம் என்று டிவியில் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். ஒருத்தர் மைக்கைப் பிடித்து "நாம் அனைவரும் ஒரே குரலில்" என்று ஆரம்பித்ததும் நான் டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 21-ல் அவசரச் சட்டம். முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் அலங்காநல்லூரில் தானே தொடங்கிவைப்பதாக மதுரைக்கு வந்து இறங்கினார். 22-ஆம் தேதி காலை அலங்காநல்லூர்க்காரர்கள் ரோட்டை மறித்து, நிரந்தரச் சட்டம் வந்தால்தான் வாடிவாசல் திறக்கும் என்றுவிட்டார்கள். கொடியசைக்க வந்தவர் கொடியை மடித்துக்கொண்டு திரும்ப எங்கள் ஊர் வழியாக விமானம் ஏறினார்.

மறுநாளே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மூன்று ஊர்களில் முதல் வாடி அவனியாபுரத்தில் திறந்தது.

அலங்காநல்லூர் மாதிரி எங்களுக்கு நிரந்தர வாடி கிடையாது. திருப்பரங்குன்றம் ரோட்டை மறித்துத்தான் கட்டுவோம். பேங்க், பேக்கரி, செல்போன் கடை எல்லாவற்றின் ஷட்டரும் இறங்கும். தார் ரோட்டின் மேல் லோடு லோடாகத் தேங்காய் நார் கொட்டி மெத்தை போடுவார்கள். முந்தின ராத்திரியே குட்டியானை வண்டிகளில் காளைகள் வந்து வரிசை கட்டும். வாடிக்குள் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டதும் ஒரு நொடி காளை அப்படியே நிற்கும். வெளியே கலர்ப் பனியனில் ஐம்பது பேர். அது ஒரு தரம் தலையைத் திருப்பிப் பார்க்கும். அந்தப் பார்வையில் ஐம்பது பேரில் நாற்பது பேர் வேலியோரம் ஒதுங்கிவிடுவார்கள். மைக்கில், "யாரும் தொட முடியல! மாடு ஜெயிச்சிருச்சு! மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிக்கங்க, கட்டிலையும் வாங்கிக்கங்க!"

இதை நான் சும்மா ரசிப்பதில்லை. கொள்கைப்பூர்வமாக ரசிக்கிறேன். திமிலை மட்டும்தான் பிடிக்கலாம், வாலைப் பிடித்தால் தப்பு, கொம்பைப் பிடித்தால் தப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் கணக்கே இல்லை. தமிழ்நாட்டில் கூட்டணி செல்லாத ஒரே போட்டி இதுதான்.

அதே ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அதிமுக எம்எல்ஏக்கள் கூடி வி.கே.சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னீர்செல்வம் ராஜினாமா செய்தார். இங்கே மூன்று வருஷம் அடைபட்டிருந்த காளை வெளியே வந்த நாளில், அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவரும் வெளியே வந்துவிட்டார். ஒரே வித்தியாசம், காளைக்கு அண்டா கிடைத்தது. 7-ஆம் தேதி ராத்திரி அவர் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். மறுநாள் சசிகலா பக்க எம்எல்ஏக்கள், யாரும் தாவிவிடாதபடி பஸ் ஏற்றப்பட்டு, கூவத்தூர் சொகுசு விடுதிக்குப் போனார்கள். அங்கே கடற்கரை, சாப்பாடு, காவல் எல்லாம் இருந்தது. கதவும் இருந்தது, யாரும் முட்டிப் பார்க்கவில்லை. ஒருவாரத்துக்கு மேல் இருந்துவிட்டு, கோட்டைக்கு ஒரே மந்தையாக வந்து, சசிகலாவுக்குப் பதில் வந்த எடப்பாடி பழனிசாமிக்கு வோட்டுப் போட்டார்கள். அந்த வாரம் எங்கள் டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம காளையை அங்க விட்டிருந்தா, ரெண்டாம் நாள் ரிசார்ட்டு காம்பவுண்டு இருந்திருக்காதுப்பா."

அந்த வருஷம் இத்தோடு விடவில்லை. ஏப்ரலில் அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மோகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார். காற்று அடித்தது, அட்டைகள் கரைக்குத் திரும்பின. நாடே சிரித்தது. நான் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் மரியாதையோடு. மற்ற அமைச்சர்களின் திட்டம் தோற்றது தெரிய ஐந்து வருஷம் ஆகும். இவருடையது கேமரா இருக்கும்போதே தெரிந்துவிட்டது.

கேம் ஆடுகிற தலைமுறைக்கு 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி போனது. எல்லையில் சீனாவோடு சண்டை, எங்கள் தெருவில் சிக்கன் டின்னர் ரத்து. அடுத்த வருஷம் பேர் மாற்றி வந்தது, 2022-ல் போனது, 2023-ல் மறுபடி வந்தது. காளைக்கு நடந்ததேதான், தடை, அனுமதி, தடை, அனுமதி. ஆனால் இதற்காக யாரும் ரயிலை மறிக்கவில்லை.

ஆன்லைன் ரம்மி கதை வேறு. அதில் பணம் தொலைத்து உயிரைவிட்டவர்கள் உண்டு. அதில் நான் வேடிக்கை பேசமாட்டேன். வேடிக்கை, சட்டம் போன வழியில் இருக்கிறது. 2021-ல் அதைத் தடுத்த ஒரு சட்டத்தை ஹைகோர்ட் ரத்து செய்தது. 2022-ல் சட்டசபை வேறொன்று போட்டது. ஆளுநர் ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி அனுப்ப, 2023 ஏப்ரலில் கையெழுத்து விழுந்தது. நவம்பரில் கோர்ட் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று விலக்கியது. அப்புறம் நள்ளிரவு 12 முதல் விடியல் 5 மணி வரை காசு வைத்து ஆடக் கூடாது என்று விதி வந்தது. 2025 ஆகஸ்டில் டெல்லி ஒரு சட்டம் போட்டுக் காசு ஆட்டம் மொத்தத்தையும் ஊத்தி மூடியது. தனி மனிதனாக என் சொந்தக் கருத்து: என்னை என்னிடமிருந்து காப்பாற்ற இத்தனை பேர் இரவு பகலாய் உழைத்தது கூச்சமாக இருக்கிறது.

இப்போது காளையும் ஆன்லைன். வாடியை யார் நடத்துவது என்று எங்களூர் ஆட்கள் அடித்துக்கொண்டு ஹைகோர்ட் வரை போய், 2020-ல் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட வைத்தவர்கள்தான் நாங்கள். அதனால் டோக்கனை கம்ப்யூட்டர் கொடுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. மாவட்ட இணையதளத்தில் பதியவேண்டும்: உரிமையாளர் ஆதார், மாட்டு டாக்டர் சான்று, மாட்டோடு சேர்ந்து எடுத்த படம்.

போன மார்கழியில் எதிர்வீட்டு மாமா என்னைக் கூப்பிட்டார், செல்லில் ஏற்றித் தரச் சொல்லி. காளை எங்களைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது. பருத்திக்கொட்டையைக் காட்டினால் முகம் வருகிறது, கொம்பு படத்துக்கு வெளியே போகிறது. தள்ளிப் போனால் கொம்பு வருகிறது, மாமா தலை போகிறது.

"மாமா, கண்ணை மூடிருச்சு."

"மூடலப்பா, ஒன்னைப் பாக்கப் புடிக்கல அதுக்கு. எடு நீ."

ஒருவழியாக ஏற்றி, நம்பர் போட்டு, பட்டனைத் தட்டினேன். ஓடிபி வரும் பாருங்க மாமா என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காளையை ஏறிட்டார். "எனக்கு வருமா, அதுக்கு வருமா?"