கேஸ் தீந்துபோச்சா, மருமவனே?

போன வருஷம் சித்திரையில கேஸ் ஏத்தினே. அதுக்கு முந்தின வருஷமும் ஏத்தினே. இந்த வருஷம் கத்திரி பொறக்கறதுக்குள்ளயே "மாமா, கார் ஏசியில கேஸ் தீந்துபோச்சு"ன்னு வந்து நிக்கற. சந்தோஷம் மருமவனே. கேஸ் ஏத்தற ஷெட்டுக்காரரும் புள்ளகுட்டிக்காரரு. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்த வசூலுக்கு வந்தா அம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் கணக்குப் பாக்கற நீ, அவருக்கு மட்டும் தவறாம அள்ளிக் குடுக்கற பாரு, அது பெரிய மனசு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அந்தக் கேஸு எங்க போச்சு? பெட்ரோல்னா எரிஞ்சு போச்சு, சரி. இஞ்சின் ஆயில்னா கருத்துப் போச்சு, மாத்தறோம். ஏசி கேஸு எரியறதும் இல்ல, கருக்கறதும் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வருது. கம்ப்ரசர் அத்தப் புடிச்சு நெருக்கும். வண்டி மூஞ்சியில இருக்கற கண்டென்சர்ல சூட்டை வுட்டுட்டு அது திரவமாவும். அப்பால எக்ஸ்பான்ஷன் வால்வோட சின்னத் துவாரத்துல பீச்சிக்கினு போயி, டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயில்ல மறுபடி ஆவியாவும். ஊசி போடறதுக்கு முன்னாடி நர்ஸம்மா ஸ்பிரிட்டு தடவினா கை சில்லுங்குது இல்ல, அதே சமாச்சாரந்தான். உன் வண்டியில ஓடற 134ஏ கேஸுக்கு மைனஸ் 26 டிகிரியிலயே கொதி வந்துடும். அது ஆவியாவற எடத்துல சுத்தி இருக்கற சூட்டைப் புடுங்கிக்கும். அவ்ளோதான் ஏசி. இதுல தீர்றதுக்கு இன்னா இருக்குது?

ரப்பர் ஓஸ் வழியா பல வருஷத்துல கொஞ்சங் கொஞ்சமா கசியும், அத்த ஒத்துக்கறேன். வருஷா வருஷம் காலியாவுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்குது. நீ இத்தினி நாளா கேஸ் ஏத்தினது வண்டிக்கு இல்ல, அந்த ஓட்டைக்கு.

மாமன் படிக்காதவன்னு உனக்கு ஒரு நெனப்பு. காசிமேட்டுல ஐஸ் பார் போடற ஃபேக்டரியில மிஷின் பாத்தவன்டா நானு. அங்க ஓடினது அமோனியா. ஒரு ஜாயின்ட்டுல கசிஞ்சா மொதல்ல மூக்கு சொல்லும், அப்பறம் கண்ணு சொல்லும். எடம் சரியாத் தெரியலன்னா கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் ஓரமா காட்டிக்கினே போவோம். கசியற எடம் வந்ததும் வெள்ளையா பொகை கட்டும். அங்க ஸ்பானரைப் போடுவோம். 2023 டிசம்பர் கடைசியில எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற குழாயில அமோனியா கசிஞ்சு, நடுராத்திரியில சனங்க புள்ளைங்களத் தூக்கிக்கினு ஓடினாங்களே, அந்த நெடிதான். அது ரவுடிக் கேஸு. வரும்போதே சத்தம் போட்டுக்கினு வரும்.

உன் வண்டிக் கேஸு ரொம்ப மரியாதைக்காரக் கேஸு. நெடியும் கெடையாது, நெறமும் கெடையாது, சொல்லிக்காம போயிடும். மேல போயி கரியமில வாயுவை வுட ஆயிரம் மடங்குக்கு மேல சூட்டைப் புடிச்சு வெச்சுக்கும்னு வேற சொல்றாங்க. ஐரோப்பாக்காரங்க 2017லயே புது காருங்கள்ல அத்த நிறுத்திட்டாங்க. ஆனா போறப்ப அது ஒரு தடயத்தை வுட்டுட்டுத்தான் போவும். கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோட கலந்துதான் சுத்துது. கேஸ் கசியற எடத்துல அந்த ஆயிலும் கசியும், அதுமேல ரோட்டு மண்ணு வந்து அப்பிக்கும். குழாய் ஜாயின்ட்டுல, கண்டென்சர் மூலையில பிசுபிசுன்னு கருப்பா ஒரு திட்டு தெரிஞ்சா அதான் எடம். பானட்டைத் தொறந்து ஒரு தரம் பாத்தியா? எங்க பாப்ப. பானட்டு லிவர் எந்தப் பக்கம் இருக்குதுன்னே என்னைக் கேட்டவனாச்சே நீ.

அதுவும் இருக்கட்டும். கேஸுதான் கொறைச்சல்னு உனக்கு யாரு சொன்னது? கத மொத்தமும் இங்கதான் இருக்குது. உன் வாயாலயே போன வாரம் சொன்ன: "இன்னர் ரிங் ரோட்டுல ஓடும்போது சில்லுனு வருது மாமா, மூலக்கடை சிக்னல்ல நின்னா சூடா ஊதுது." கேஸ் இல்லாத வண்டி ஓடும்போது மட்டும் எப்பிடிக் குளிரும்? ஓடும்போது எதிர்காத்து கண்டென்சரைக் குளிர வெக்குது. நின்னா காத்துக்கு ஃபேன் மட்டுந்தான். ஏசியைப் போட்டுட்டுக் கீழ எறங்கி முன்னாடி போயி நில்லு. கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தற சத்தம் கேக்கணும். கேக்கலன்னா ஃப்யூஸு, ரிலே, ஃபேன் மோட்டாரு, இதுல ஒண்ணு போயிருக்குது. கேஸுக்காரருக்கு இதுல வேலையே இல்ல. ஃபேன் சுத்துதான்னு வெரலை வுட்டுப் பாக்காத. உன் வெரலு எனக்கு வேணும், பென்ஷன் ஃபாரம் நெரப்ப.

ஃபேன் சுத்துதுன்னா டார்ச் அடிச்சுக் கண்டென்சரைப் பாரு. நாம இருக்கற எடம் அப்பிடி மருமவனே. மஞ்சம்பாக்கத்துல கன்டெய்னர் லாரி பொகை, பால் காலனிப் பக்கம் மெட்ரோ தோண்டற மண்ணு, எண்ணூர்ப் பக்கம் போனா நெலக்கரித் தூளு, திருவொத்தியூர் கடல் ஓரத்துல உப்புக் காத்து. எல்லாம் போயி அந்த அலுமினியத் தகடுங்களுக்கு நடுவுல அடைச்சுக்கும். உப்பு தகட்டையே அரிச்சு மாவாக்கும். காத்து போவ வழி இல்லன்னா சூடு வெளியேறாது, சூடு வெளியேறலன்னா உள்ள குளிராது. நீ மாசாமாசம் டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டு சென்ட்டு அடிக்கற. வண்டி மூஞ்சியில ஒரு வாளி தண்ணி ஊத்தினது கெடையாது. இஞ்சின் ஆறினப்பறம் ஓஸ்ல சாதாத் தண்ணியை மெதுவா அடி. வாட்டர் வாஷ்ல அடிக்கற பிரஷரை வெச்சு அடிச்சா தகடு எல்லாம் மடங்கிப் போவும். அப்பறம் அடைப்பை நீயே நெரந்தரமா பண்ணதா ஆயிடும்.

ஃபேனும் சரி, கண்டென்சரும் சுத்தம்னா கம்ப்ரசரைக் கேளு. ஏசி பட்டனைத் தட்டினா பல வண்டியில 'டக்'குனு கிளட்ச் புடிக்கற சத்தம் வரும். நெசமாவே கேஸ் ரொம்பக் கொறைஞ்சிருந்தா பிரஷர் சுவிட்சு கம்ப்ரசரை ஓடவே வுடாது. புது வண்டி சிலதுல கிளட்சே கெடையாது, சத்தத்தை எதிர்பாத்துக்கினு நிக்காத.

காத்து நல்லா குளிர்ச்சியா இருக்குது, ஆனா மூச்சு முட்டற அளவுக்குக் கம்மியா வருதா? கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி கேபின் ஃபில்டர் இருக்குது. கழட்டிப் பாரு. போன தடவை நானே கழட்டினேனே, உள்ள எலி குடும்பம் நடத்தி பொட்டுக்கடலை தோலு வரைக்கும் சேத்து வெச்சிருந்துச்சு. உனக்கு முன்னாடி உன் வண்டியில குடியேறினது அதுதான். ப்ளோயர் கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடுதுன்னா ரெசிஸ்டர் போச்சு, சின்ன செலவு. மிக்ஜாம் புயல்ல தண்ணியில நின்ன வண்டியை விலை கொறைச்சலா இருக்குதுன்னு யாராவது வாங்கியிருந்தா, அவங்க ப்ளோயர் மோட்டாரைப் பத்தி என்னைக் கேக்க வேணாம்.

ரொம்ப தூரம் ஓட்டினப்பறம் காத்தே நின்னு போவுதா? கூலிங் காயில்ல ஐஸ் கட்டிருக்கும். ஏசியை நிறுத்திட்டு ப்ளோயரை மட்டும் பத்து நிமிஷம் ஓட வுடு. கரைஞ்சு காத்து திரும்பி வந்தா தெர்மிஸ்டரைப் பாக்கச் சொல்லு. வண்டிக்கு அடியில தண்ணி சொட்டினா பயந்து போன் பண்ணாத. அது ஈரக் காத்துல இருந்து காயில் புழிஞ்ச தண்ணி, சொட்டறதுதான் நல்லது. சொட்டாம உன் கால் மேட்டு நனைஞ்சா ட்ரெயின் குழாய் அடைச்சிருக்குது.

ஹீட்டர் எதுக்கு மாமா மாதவரத்துலன்னு சிரிப்ப. 2003 மே 31ல 45 டிகிரி பாத்த ஊரு, நியாயந்தான். ஆனா ஹீட்டர் உன்னை வுடாது. இஞ்சின் சுடுதண்ணி டேஷ்போர்டுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வந்து போவுது. சூடு, குளிர்ச்சி ரெண்டையும் கலக்கற கதவு சூட்டுப் பக்கமே சிக்கிக்கினா, ஏசி எவ்ளோ குளிர்ந்தாலும் உனக்கு வெதுவெதுன்னுதான் வரும். இதுக்கும் கேஸ் ஏத்தினவங்களை நான் பாத்திருக்கேன். உள்ள இனிப்பா ஒரு வாசனையும் கண்ணாடியில எண்ணெய்ப் படலமும் வந்தா அந்தக் குட்டி ரேடியேட்டர் ஒழுவுது. நடுரோட்டுல இஞ்சின் சூடு முள்ளு ஏறுச்சுன்னா ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரை முழுசாத் திருப்பு. நீ வேர்த்துக் கொட்டுவ, இஞ்சின் கொஞ்சம் தப்பிக்கும். ஓரம் கட்டற வரைக்கும் அது போதும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோட தொறக்காத.

1939ல அமெரிக்காவுல பேக்கார்டு கம்பெனி காருல ஏசி வெச்சு விக்க ஆரம்பிச்சப்ப, கம்ப்ரசரை நிறுத்தணும்னா வண்டியை ஓரம் கட்டி, பானட்டைத் தொறந்து, பெல்ட்டைக் கழட்டணும். நல்ல காலம் நீ அப்போ பொறக்கல. குளிர்ல வெறைச்சே செத்திருப்ப.

நம்ம ட்ரக் டெர்மினல் டிரைவருங்க இவ்ளோ நாளா ஈரத் துண்டை ஜன்னல்ல கட்டிக்கினு ஓட்டினாங்க. 2025 அக்டோபர் 1லருந்து தயாராவற பெரிய லாரிங்க கேபின்ல ஏசி இருந்தாவணும்னு சட்டம் வந்துடுச்சு. அவங்க ஷெட்டுல ஏமாற மாட்டாங்கன்னு எனக்கு நம்பிக்கை இருக்குது. பானட்டைத் தொறக்கற பழக்கம் அவங்களுக்கு உண்டு. பயம் ஒண்ணுதான்: இஞ்சினை ஓட வுட்டு ஏசியைப் போட்டுக்கினு மூடின எடத்துல தூங்கறது. பொகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கும் நெடி கெடையாது. எழுப்பாது. மதியச் சாப்பாட்டுக்கப்பறம் உன் வீட்டு ஷெட்டரை எறக்கிட்டு காருக்குள்ள குட்டித்தூக்கம் போடற பாரு, அத்த இன்னியோட நிறுத்து. இது நையாண்டி இல்ல.

எல்லாம் பாத்தும் கேஸுதான் கொறைச்சல்னு தெரிஞ்சா சந்தோஷமா ஷெட்டுக்குப் போ. ஆனா மூணு விஷயம் கேளு. நைட்ரஜன் ஏத்தி லீக் டெஸ்ட் பண்ணீங்களா? ஓட்டையை அடைச்சு வாக்யூம் போட்டீங்களா? கேஸைத் தராசுல வெச்சு எடை பாத்து ஏத்தறீங்களா? எவ்ளோ கிராம்னு உன் பானட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்குது; சின்ன காருக்கு அரை கிலோகூட வராது. "கொஞ்சம் சேத்துப் போடுங்கண்ணே"ன்னு பாசமா சொல்லாத. அதிகமானா பிரஷர் ஏறி கூலிங் கொறையும், கம்ப்ரசரும் திணறும். விலை கொறைச்சல்னு எரியற கேஸ் கலந்ததை ஏத்தறவங்களும் இருக்காங்க. அது கசிஞ்சா செலவு ஏசியோட நிக்காது.

தராசு எங்கன்னு கேக்க உனக்குக் கூச்சமா இருக்கும், தெரியும். என்னையும் ஏத்திக்கினு போ, நான் கேக்கறேன். திரும்பி வரும்போது மூலக்கடையில எறக்கி வுடு, மீன் வாங்கணும். என் பக்கத்து வென்ட்டை மூடிடு, ஏசிக் காத்து பட்டா எனக்குத் தொண்டை கட்டிக்கும்.